உட்கார்ந்தால் உள்ளே

சுவர் இல்லாத வீடுகளுக்கு எல்லை போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்திருக்கிறேன். உள்ளும் வெளியும் ஒன்று என்று விளம்பரத்தில் காட்டி வீட்டை விற்கிறார்கள். விற்ற பிறகு எது உள், எது வெளி என்று அந்த வீட்டுக்குச் சொல்லித்தர ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் நான், ஜெயசீலன். கோயம்புத்தூரைச் சுற்றி முந்நூறு வீடுகளுக்கு மேல் எல்லை போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நிகிலேஷின் வீடு வடவள்ளியைத் தாண்டி, மலையைப் பார்த்த நிலத்தில் இருக்கிறது. அவனுக்குப் பம்ப் மோட்டார் தொழில். மனைவி யாழினி ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, நிலானி. பன்னிரண்டு தூண், நடுவே ஒரு மாடி, மேலே ஒரு கூரை, அவ்வளவுதான் வீடு. கூடத்தில் போட்ட கருங்கல் தளம் அப்படியே நீண்டு புல்வெளிக்குள் போகிறது. கூடத்தின் நடுவே நெல்லிமரம், காய் சோபாமேல் விழும். வருகிறவர்கள், "வீடு எங்கீங்க முடியுது?" என்று கேட்பார்கள். அப்போது யாழினி முகத்தில் ஒரு பெருமை வரும். அந்தக் கேள்விக்காகத்தான் அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியிருந்தார்கள்.

வீட்டைச் சுற்றித் தளத்தில் நூல் கனத்துக்கு ஒரு கோடு ஓடும். அதிலிருந்து கூரை வரைக்கும் எழும்புவதுதான் திரை. கண்ணுக்குத் தெரியாது. கொசு வராது, தூசி வராது, மழைச்சாரல் கோட்டோடு நின்றுவிடும். காற்றும் வாசனையும் வரும். ஆட்கள் கடந்து போகும்போது முகத்தில் ஈரத்துணி பட்ட மாதிரி லேசாகக் குளிரும். வேண்டாதவர் வந்தால் அரை விநாடியில் கண்ணாடியாக இறுகிவிடும். உள்ளே அறைகளுக்கும் சுவருக்குப் பதில் இதே மாதிரித் திரைதான்.

"வேண்டாதவங்கன்னு அதுக்கு எப்படீங்க தெரியும்?" என்று முதல் நாள் நிகிலேஷ் கேட்டான். "நாங்க லிஸ்ட் எழுதிக் கொடுக்கணுங்களா?"

"முன்னாடி அப்படித்தாங்க இருந்துச்சு. உள்ள விடலாங்கற லிஸ்ட்டுல எல்லாரும் எல்லாரையும் எழுதிப்போட்டாங்க. கோர்ட்டுல கேஸ் நடத்தற பங்காளியக்கூட எழுதுனாங்க. எழுதாம விட்டா அவனுக்குத் தெரிஞ்சுபோயிருமேன்னு சங்கடம். அவன் ஆளில்லாத நேரமா வந்து பீரோவத் தொறந்தான். அதனால இப்ப லிஸ்ட்டே கிடையாது. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, வீடு உங்களப் பாக்கும். யார எப்படி வெச்சிருக்கீங்கன்னு பாத்து அதுவே முடிவு பண்ணிக்கும்."

"எத வெச்சு முடிவு பண்ணும்?" என்றாள் யாழினி.

"நெறைய இருக்குதுங்க மேடம். அதுல பெருசு உக்கார்றதுதான். உள்ள வந்து உக்கார்றவங்க உங்க ஆளுக. நின்னுட்டே பேசிட்டுப் போறவங்க வெளியாளுக. கூரியர்காரர் நிப்பாரு. ஓட்டுக் கேக்க வர்றவரு நிப்பாரு. மாமியாரு உக்காருவாங்க. இத்தன வீட்டுல இது ஒருவாட்டிகூடத் தப்புனதில்லீங்க."

"எங்கத்தை நாங்க சொல்றதுக்கு முன்னாடியே உக்காந்துருவாங்க," என்று யாழினி சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

மயிலாத்தாவை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சோபாவில் விழுந்த நெல்லிக்காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனியிலிருந்து ஆறு வருஷமாக வருகிறார். வீடு கூட்டித் துடைப்பது, துணி, பாத்திரம், குழந்தை எல்லாம் அவர் பொறுப்பு.

"மயிலக்கா இல்லீன்னா இந்த வீடு ஒரு நாள் ஓடாதுங்க," என்றாள் யாழினி. "எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி."

அந்த மண்டலத்தில் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பத்தரை மணிக்கு யாழினி கம்ப்யூட்டரில் நடக்கும் ஆபீஸ் கூட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து வருவாள். தட்டில் தோசை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாள். அங்கே முருங்கைக்குக் கீழே ஒரு கல் பெஞ்சு. அதில் மயிலாத்தாவோடு பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் ஒரு தோசை சாப்பிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு வருவாள். எத்தனையோ வீடு பார்த்தவன் நான், சரிசமமாக உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டுக்காரியை அங்கேதான் பார்த்தேன். உண்மையிலேயே மரியாதை வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போனது யாழினிதான். மயிலாத்தா உள்ளே வந்து தட்டு வாங்கியதில்லை. யாரும் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

ஒருநாள் கூடத்தில் நான் கருவியைப் பிரித்து வைத்திருந்தபோது, அவர் துடைப்பத்தோடு ஓரமாக நின்றார். நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"உக்காருங்கக்கா, பத்து நிமிஷமாகும்," என்றேன்.

"இருக்கட்டுங்க தம்பி. தொடைக்கற எடத்துல என்னத்தீங்க உக்கார்றது," என்று சிரித்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். நானும் இரண்டாம் முறை சொல்லவில்லை. அன்றைக்கும் வீடு பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

நாற்பத்தோராம் நாள் வீட்டிலிருந்து எனக்கு ஒரு கேள்வி வந்தது. முடிவு எடுக்க முடியாதபோது மட்டும் அது எங்களைக் கேட்கும். 'இந்த நபர் தினமும் ஏழு மணி நேரம் உள்ளே இருக்கிறார். ஒருமுறையும் உட்காரவில்லை. குடும்பத்தினர் இவரை வெளியே சென்று சந்திக்கிறார்கள். உள் ஆளா, வெளி ஆளா?'

யாழினியைக் கூப்பிட்டேன்.

"மேடம், மயிலக்காவப் பத்தி வீடு கேக்குது. உள்ளன்னு போடறதா, வெளியன்னு போடறதா?"

"இதென்னங்க கேள்வி? குடும்பத்துல ஒருத்தர் மாதிரின்னு சொன்னேனே?"

"அப்ப உள்ளன்னு போட்டுறட்டுங்களா?"

"போட்டா என்னாகும்?"

"உங்களுக்கு எப்படியோ அவங்களுக்கும் அப்படித்தானுங்க. நீங்க ஊர்ல இல்லாதப்பவும் வீடு தொறக்கும். பெட்ரூம், பூஜை ரூம் எல்லாத் திரையும் தொறக்கும். அவங்க சொந்தக்காரங்க யாராச்சும் தேடி வந்தா, அவங்களும் கூட உள்ள வரலாம்."

யாழினியின் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது.

"பூஜை ரூம்னா அத்தைக்கு ஒத்துக்காதுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. அத்தை வந்தா வீண் சங்கடம், மயிலக்காவுக்கும்தான் சங்கடம். வீடு என்ன பாத்துச்சோ அப்படியே விட்டுருங்களேன். அதுதான் தப்பாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வெளி என்று அழுத்தினேன். வேலை நேரத்தில் வந்து போகலாம் என்று ஒரு சலுகையும் சேர்த்தேன். அனல் சங்கு ஊதினால் சலுகை எல்லாம் ரத்தாகும் என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் அது இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். சொல்லும் அளவுக்கு அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. வெளியாள் ஒருத்தியைப் பற்றி யார் முப்பத்தோராம் பக்கம் வரை யோசிப்பார்கள்?

அனல் சங்கு எல்லோருக்கும் பழகிப்போனதுதான். முன்பு மில்லுக்கு ஊதிய மாதிரி இப்போது வெயிலுக்கு ஊதுகிறார்கள். பங்குனியிலிருந்து ஆனி வரை திடீரென்று ஒரு காற்று வரும். இரண்டு மூன்று மணி நேரம் உலைக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். பஞ்சாயத்துச் சங்கு ஊதியதும் வீடு உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் மற்றவர்கள் குளிர்க்கூடத்துக்கும் போய்விட வேண்டும். எங்கள் வீடுகளில் சங்கு ஊதிய தொண்ணூறாவது விநாடி எல்லாத் திரையும் இறுகும். உள் ஆட்கள் எப்போது வந்தாலும் திறக்கும். குளிர் வீணாகக் கூடாது என்பதால் ஆள் அளவுக்கு மட்டும், ஒரு நொடி மட்டும் திறக்கும். நிகிலேஷ் வீட்டிலிருந்து குளிர்க்கூடம் இரண்டரை கிலோமீட்டர்.

அன்று நடந்ததை நான் வீட்டின் பதிவிலிருந்து சொல்கிறேன். அதை எடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள்.

பகல் பன்னிரண்டு நாற்பத்தேழுக்குச் சங்கு. நிகிலேஷ் தொழிற்சாலையில். யாழினி மாடியில் கூட்டத்தில், காதை மூடிய கருவியோடு. மயிலாத்தா கொல்லையில் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருக்கிறார், குழந்தை முருங்கைக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுகிறது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் தொண்ணூறு விநாடி போய்விடுகிறது. இரண்டு பேரும் கைகோத்தபடி ஓடி வருகிறார்கள்.

திரை நிலானிக்குத் திறக்கிறது, நிலானி உயரத்துக்கு. மயிலாத்தா குனிந்து கூடவே நுழையப் பார்க்கிறார். உடனே அது மூடப் போகிறது. குழந்தையின் கை நடுவில் இருக்கிறது. மயிலாத்தா கையை விட்டுவிட்டு, குழந்தையின் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளுகிறார். திரை இறுகுகிறது.

நாலு நிமிஷம் தட்டுகிறார். வீட்டைச் சுற்றி ஓடி முன்பக்கம் தட்டுகிறார், திரும்பவும் பின்பக்கம் வருகிறார். இடுப்பிலிருந்த போனை எடுத்து யாழினியை மூன்று முறை கூப்பிடுகிறார். வீட்டார் அழைத்திருந்தால் கூட்டத்தின் நடுவே மணி அடித்திருக்கும். வெளியாள் அழைப்பு என்பதால், கூட்டம் முடியட்டும் என்று வீடு அதை நிறுத்தி வைக்கிறது. நாங்கள் அதற்குக் கற்றுக்கொடுத்த மரியாதை அது.

உள்ளே குழந்தை அழ ஆரம்பிக்கிறது. அதைப் பார்த்ததும் மயிலாத்தா தட்டுவதை நிறுத்திவிடுகிறார். கோட்டுக்கு வெளியே மண்டி போட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடுகிறார், திறக்கிறார். மூடுகிறார், திறக்கிறார். குழந்தை சிரிக்கிறது. பதினெட்டு நிமிஷம் அப்படி விளையாடியிருக்கிறார். வெளியே ஐம்பத்து மூன்று டிகிரி. பிறகு தலைப்பு மூடியபடியே இருக்கிறது. குழந்தை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மாடிப்படியில் நின்று, "அம்மா, மயிலு தூங்கிட்டாங்க," என்று கத்துகிறது. அது யாழினிக்குக் கேட்கவில்லை.

ஒன்று முப்பத்தெட்டுக்கு யாழினி இறங்கி வந்தாள். பார்த்ததும் அலறினாள். திறக்கச் சொன்னதும் வீடு திறந்துவிட்டது, ஒரு வார்த்தைதான். நெருப்பு மாதிரி காற்று உள்ளே வர, அவளே தனியாக இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் கிடத்தினாள். தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். பதிவில் அடுத்த வரி இப்படி இருந்தது: 'எச்சரிக்கை. வெளியாள் ஒருவர் உள்ளே படுத்திருக்கிறார்.'

இரண்டாம் நாள் மயிலாத்தா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஒருமுறையும் கண் திறக்கவில்லை.

நான் போனபோது யாழினி அந்தக் கல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பொய் அழுகை இல்லை. நிகிலேஷ் என் சட்டையைப் பிடிக்காத குறை.

"மெஷின் தப்புப் பண்ணிருச்சுன்னு எழுதுங்க. ஆறு வருஷமா இருக்கற அக்காவ வெளிய வெச்சுப் பூட்டியிருக்குது. இதெல்லாம் ஒரு மெஷினா? இத வெச்சா ஊரு பூரா வித்துட்டிருக்கீங்க?"

"அது தப்புப் பண்ணலீங்க," என்றேன். "உங்களத்தான் பாத்துச்சு."

"என்ன பாத்துச்சு? நாங்க அவங்கள ஒரு நாள் மரியாதையில்லாமப் பேசியிருப்பமா? வேற வீட்டுல இருக்கற மாதிரி தனி டம்ளர் வெச்சிருந்தமா? யாழினி கூடவே உக்காந்து சாப்புட்டுட்டு இருந்தாங்க!"

"எங்க உக்காந்துங்க?"

அவனுக்கு நான் கேட்டது புரியவில்லை. அல்லது புரிந்தது. தோட்டத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்க்கவில்லை. யாழினிக்குப் புரிந்துவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டு, "நீங்க அன்னைக்கே வெயில்ல இப்படி ஆகும்னு சொல்லியிருந்தா நான் உள்ளன்னே சொல்லியிருப்பேன்," என்றாள். அதுவும் உண்மைதான்.

அறிக்கையில் 'உணர்கருவிக் கோளாறு' என்று எழுதினேன். கம்பெனி அப்படித்தான் எழுதச் சொன்னது. நிகிலேஷும் அப்படித்தான் கேட்டான். எனக்கும் அதுதான் வசதி. பொத்தானை அழுத்தியவன் நான்தானே. எல்லோருக்கும் பொருந்துகிற பொய் கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் யாரும் விடுவதில்லை. மனசு கூசியது, ஆனால் கை நிற்கவில்லை.

மயிலாத்தாவின் மகள் பெயர் தேன்மொழி. துணிக்கடையில் வேலை. அறிக்கையில் கையெழுத்து வாங்கக் காலனிக்குப் போனேன். ஒற்றை அறை, நாலு பக்கமும் சுவர், தகரக் கதவு. போனதும் நாற்காலியை எடுத்துப் போட்டு, "உக்காருங்க சார்," என்றாள். உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் உட்கார்ந்ததுபோல் எனக்கு வாழ்க்கையில் எதுவும் கஷ்டமாக இருந்ததில்லை.

அவள் காகிதத்தைப் படிக்கவில்லை. "அம்மா கதவத் தட்டுனாங்களா சார்?" என்றாள்.

"தட்டுனாங்கம்மா. நாலு நிமிஷம்."

"அப்பறம் ஏன் நிறுத்துனாங்க?"

சொன்னேன். பாப்பா பயப்படாமல் இருக்க, முகத்தை மூடித் திறந்து விளையாட்டுக் காட்டியதைச் சொன்னேன். அம்மாவைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்கிறோம் என்று நினைத்தேன்.

தேன்மொழி பேனாவைக் கையில் எடுத்தாள்.

"எங்களோட ஒரு நாளும் வெளையாடுனதில்லீங்க சார்," என்றாள். "வேல முடிஞ்சு வந்தா அப்படியே படுத்துக்குவாங்க. நான் சின்னப்புள்ளையில கூப்பிட்டா, நாளைக்கு, நாளைக்கும்பாங்க." கையெழுத்துப் போட்டு நீட்டினாள். "அவங்களுக்கு வெளையாடத் தெரியும்னே எனக்குத் தெரியாது."

இரண்டு மாதம் கழித்து யாழினி கூப்பிட்டாள். புதிதாக வேலைக்கு ஆள் வைத்திருக்கிறார்களாம், சுகந்தி என்று பெயர். இந்த முறை முதல் நாளே உள் ஆள் என்று அவளே பதிந்துவிட்டாளாம். இனிமேல் அந்தத் தப்பு நடக்கவே கூடாது என்று உறுதியாக இருக்கிறாளாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

பத்தாம் நாள் மறுபடி கூப்பிட்டாள். "நேர்ல வர முடியுங்களா?"

போனேன். நிகிலேஷும் இருந்தான். சுகந்தி வெளியே புல்வெளியில் நின்று குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"தங்கமான பொண்ணுதாங்க," என்று யாழினி ஆரம்பித்தாள். "ஆனா பெட்ரூமுக்குள்ள நேரா வந்துடறா. நாங்க ரெண்டு பேரும் பேசிட்டிருக்கறப்ப வந்து நிக்கறா. திரை தொறக்குது, அவ என்ன பண்ணுவா பாவம். போன வாரம் அவ தம்பி வந்தான். கூடத்துல சோபாவுல உக்காந்துட்டு டிவி பாத்துட்டிருக்கான். அத்தை வந்திருந்தாங்க. எனக்கு எங்க போய் முகத்த வெச்சுக்கறதுன்னே தெரியல."

"வெளியன்னு மாத்திறட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாங்க!" உண்மையாகவே பதறினாள். "அது மட்டும் வேண்டாம். மறுபடி அப்படி ஒண்ணு நடந்தா நான் செத்தே போயிருவேன். நடுவுல ஏதாச்சும் பண்ண முடியுங்களா? சாதாரணமா வெளிய. ஆபத்துன்னா மட்டும் உள்ள."

அப்படி ஒரு வகை எங்களிடம் இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். மூன்றே வாரத்தில் செய்து அனுப்பிவிட்டார்கள், இத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றாமல் போயிற்றே என்று எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. அதற்குக் 'கருணை வகை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்போது புது வீட்டுக்காரர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

முதலில் பொருத்தியது யாழினி வீட்டில்தான். அன்றும் சுகந்தி புல்வெளியில் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் கருவியை வைத்துத் திறந்தேன். எல்லாம் தயாராக இருந்தது, ஒரே ஒரு எண்ணை மட்டும் வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டும்.

"எத்தன டிகிரியில சுகந்திக்குத் தொறக்கணுங்க?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாப்பத்தஞ்சு வெச்சுக்கலாங்களா?" என்றாள் யாழினி.

"நாப்பத்தஞ்சுன்னா மே மாசம் பூரா தொறந்தேதான இருக்கும்," என்றான் நிகிலேஷ். "அதுக்கு இத்தனையும் எதுக்கு? அம்பது வைங்க."

"அம்பது ரொம்பங்க. பாவம், அவளும் மனுசிதான."

கொஞ்ச நேரம் பேசினார்கள். சண்டை இல்லை, நல்லவர்கள் பேசிக்கொள்கிற மாதிரிதான் பேசினார்கள். கடைசியில் நாற்பத்தெட்டு என்று முடிவாயிற்று. அழுத்தினேன். கருவி ஏற்றுக்கொண்டது. திரைக்கு அப்பால் சுகந்தி பின்னி முடித்து, குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு, எங்களைப் பார்த்தபடி நின்றாள்.

அப்போது வெளியே நாற்பத்தேழு.